லீவு போடும் அளவுக்கு வலி என்றால்...

கேள்வி: எனக்கு வயது 26. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். மாதவிலக்கு வந்தால் முதல் மூன்று நாள் நிமிர்ந்து உட்கார முடியாது. மலம் கழிக்கும்போதும் உயிர் போகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். மாதாமாதம் லீவு போடுகிறேன் என்று, எனக்குப் பின்னால் சேர்ந்தவரை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்கிறார் அம்மா. என்ன செய்வது டாக்டர்?

பதில்: மாதவிலக்கு வலி பலருக்கும் உண்டு. ஆனால், மாதம் தவறாமல் மூன்று நாள் சம்பளத்தைத் தின்னும் வலியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது, மலம் கழிக்கும்போது வரும் வலிதான். இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்.

கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு சினைப்பை, குடல், அடிவயிற்றுச் சவ்வு என்று வெளியிலும் வளர்வதுதான் இந்த நோய். மாதவிலக்கின்போது அந்த இடங்களும் வீங்கிக் கசியும். நாளடைவில் தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. சினைப்பையில் கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். சவ்வில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருந்தால் பெரும்பாலும் தெரியாது. ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. உறுதி செய்யப் பல ஆண்டுகள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாடுகளில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த நோய் உள்ள பெண்கள் சராசரியாக வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலைத்திறனை இழந்தது தெரிந்தது. அதில் லீவு போட்டதால் போனது ஒரு பகுதிதான். வலியோடு வேலைக்கு வந்து, பாதி வேகத்தில் செய்ததால் போனதே அதிகம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் சூப்பர்வைசர் எண்ணுவது லீவு நாளை மட்டும். மற்ற நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

சரி, வைத்தியம். ஆபரேஷன் செய்து பார்த்துத்தான் மருந்து தர வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. அறிகுறிகளை வைத்தே தொடங்கலாம். டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை அல்லது கருத்தடை மாத்திரை தருவார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று வீட்டில் பதறுவார்கள். அதை நிறுத்திய பிறகு கருத்தரிக்கலாம், பயம் வேண்டாம். முதல் சில மாதம் அவ்வப்போது உதிரம் படலாம், உடனே நிறுத்திவிடாதீர்கள். மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரையை, வலி உச்சத்துக்குப் போகும் முன்பே, சாப்பிட்டபின் போட வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கம்பெனியில் யாராவது பெயர் தெரியாத மாத்திரை நீட்டினால் வாங்காதீர்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கும். டிஸ்பென்சரியில் காட்டி, கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. மாதாமாதம் இரண்டு, மூன்று நாள் படுப்பவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை என்பது எனக்கும் எரிச்சல்தான். ஆபரேஷன் என்று வந்தால் கைகொடுக்கும்; அந்த உதவி பெறும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கல்யாணம் இதற்கு மருந்து இல்லை. சிலருக்குக் கருத்தரிப்பதையே இந்த நோய் தாமதப்படுத்தும். அடுத்த மூன்று மாதம் எந்த நாள் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டீர்கள், எத்தனை பீஸ் குறைந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆனால் டாக்டரைப் பார்க்க அந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள்.