என்.ஜி.சி. 1365: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தென்வானில் உலை எனும் விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கும் என்.ஜி.சி. 1365 (என்.ஜி.சி. என்பது விண்பொருட்களின் பட்டியலொன்றின் சுருக்கப் பெயர்) என்ற பட்டைச் சுருள் விண்மீன் திரள் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உயர்தர மாணவி, முல்லைத்தீவு: ஐயா, இத்திரளின் படங்களில் மையத்தின் குறுக்கே தெரியும் பட்டை உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது நாம் பார்க்கும் கோணத்தால் வரும் தோற்றமா?

பதில்: உண்மையிலேயே இருக்கிறது, மகள். நீண்டு ஒடுங்கிய பாதைகளில் மையத்தைச் சுற்றிவரும் கோடானுகோடி விண்மீன்களின் பாதைகள் ஒரே திசையில் நீண்டு கிடப்பதால் உருவானதே அந்தப் பட்டை. அதற்குள் நுழையும் வாயு ஒன்றோடொன்று மோதிச் சுழல்வேகத்தை இழந்து, கரிய தூசிக் கோடுகள் வழியே மையத்தை நோக்கி இறங்குகிறது. இரணைமடுக் குளத்து நீரை வாய்க்கால் வயலுக்குக் கொண்டுசேர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவ்வாறு வந்து சேரும் வாயுவிலிருந்து மையத்தைச் சூழ்ந்த வளையத்தில் புதிய விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன. நடுவிலுள்ள கருந்துளைக்கும் அதுவே இரை. அந்தக் கருந்துளை, ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை அனுமதிக்கும் உச்ச அளவில் குறைந்தது 84 சதவீத வேகத்துடன் தன்னைத்தானே சுழல்கிறது என்று 2013இல் எக்ஸ் கதிர் அளவீடுகள் காட்டின. பட்டையை வெறும் அழகாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆசிரியர், கிளிநொச்சி: தூரத்தைச் செம்பெயர்ச்சியிலிருந்து கணித்தார்களா?

பதில்: விலகிச் செல்லும் திரளின் ஒளி சிவப்பை நோக்கி நகர்வதே செம்பெயர்ச்சி; அது விலகும் வேகத்தைச் சொல்லும். ஆனால் தூரத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. இத்திரள் நொடிக்கு ஏறத்தாழ 1,640 கிலோமீற்றர் வேகத்தில் விலகிச் செல்கிறது. ஆயினும், அண்டையிலுள்ள திரள்களின் ஈர்ப்பும் அந்த வேகத்தில் கலந்திருக்கிறது. ஆகவே ஹபிள் தொலைநோக்கியால் அதிலுள்ள செபீட் விண்மீன்களைக் கண்டறிந்து, அவை ஒளிர்ந்து மங்கும் காலத்திலிருந்து உண்மையான பிரகாசத்தைக் கணித்து, நமக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைப் பெற்றார்கள்: ஏறக்குறைய 5 கோடியே 60 இலட்சம் ஒளியாண்டுகள். விட்டமோ சுமார் 2 இலட்சம் ஒளியாண்டுகள்.

விவசாயி, மல்லாவி: எங்கள் வயலில் நின்று பார்க்கலாமோ?

பதில்: வெறுங்கண்ணுக்கு எட்டாது, ஆனால் தொலைநோக்கி இருந்தால் வன்னி மிக நல்ல இடம். 1826இல் வானியலாளர் ஜேம்ஸ் டன்லப் இதை ஆஸ்திரேலியாவிலிருந்து கண்டார். இலண்டனில் தொடுவானத்தை ஒட்டியே நிற்கும் இது, நமக்குத் தெற்கே ஏறத்தாழ 45 பாகை உயரத்துக்கு வருகிறது. மாரி மழை ஓய்ந்த தை மாத அமாவாசையை ஒட்டிய நாட்களில், இரவு 8 மணிக்கு, வீதி விளக்கு எட்டாத வெளியில் 8 அங்குலத் தொலைநோக்கியைத் தெற்கே திருப்புங்கள். முதலில் மங்கலான ஒரு புகைத்திட்டாகத்தான் தெரியும். கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுத்தால், அந்தத் திட்டு மெல்ல நீண்டு பட்டையாகத் தோன்றும்.