கட்டங்களுக்கு நடுவே ஒரு பொடி எழுத்து

கேள்வி: என் தாய்மாமா ஆங்கிலச் செய்தித்தாள்களில் வந்த ஃபேண்டம், மாண்ட்ரேக், ரிப் கிர்பி படக்கதைகளைப் பல வருஷம் வெட்டி, ஒரு பழைய பேரேட்டில் ஒட்டி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அது என்னிடம் வந்திருக்கிறது. எந்த ஆண்டு என்று எங்கும் குறிக்கவில்லை. கதைகளும் முன்பின்னாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் ‘கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்’ என்றும் ஓர் எண்ணும் பொடியாக இருக்கிறது. யார் இவர்கள்? அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்த முடியுமா? தமிழில் மொழிபெயர்த்துச் சின்னப் புத்தகமாகப் போடலாமா?

பதில்: உங்கள் மூன்று கேள்விக்கும் அந்தப் பொடி எழுத்திலேயே விடை இருக்கிறது. அதனால் முதலில் ஒரு வேண்டுகோள்: பேரேட்டிலிருந்து எதையும் பிய்க்காதீர்கள். பின்பக்கத்தில் தேதி இருக்குமோ என்று பார்க்கத் தோன்றும். பழைய செய்தித்தாள் பசையோடு சேர்ந்து இறுகிப்போயிருக்கும். பிய்த்தால் படம் போய்விடும். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்தை மட்டும் தனியாகக் கிட்டப்போய் இன்னொரு படம் எடுங்கள். மற்ற வேலையை அந்தப் படங்களை வைத்தே செய்துகொள்ளலாம்.

இனி, யார் இவர்கள் என்ற கேள்வி. உங்கள் மாமா வாசித்த நாளிதழ் அந்தப் படங்களை வரையச் சொல்லவில்லை. நியூயார்க்கில் ஒரு நிறுவனம் ஓவியர்களிடம் கதையை வாங்கி, உலகம் முழுக்க நாளிதழ்களுக்கு வாடகைக்கு விடுவதுபோல் விட்டது. அதுதான் சிண்டிகேட் என்பது. அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் 1890களிலேயே தன் ஞாயிறு இதழின் வண்ணப் படக்கதைகளால் விற்பனையைக் கூட்டியவர். எதிரி நாளிதழில் ‘யெல்லோ கிட்’ என்ற மஞ்சள் சட்டைப் பையனை வரைந்து பெயர் வாங்கியிருந்த ஓவியரை 1896இல் அதிகப் பணம் கொடுத்து இழுத்துக்கொண்டார். தன் இதழில் வருவதை மற்ற ஊர் நாளிதழ்களுக்கும் விற்றால் என்ன என்ற யோசனை வளர்ந்துகொண்டே போனது. அதை ஒழுங்கான வியாபாரமாக ஆக்கியவர் அவரிடம் வேலை பார்த்த மோசஸ் கோனிக்ஸ்பெர்க். 1915இல் தொடங்கிய நிறுவனத்துக்குத் தன் பெயரிலிருந்தே பெயர் எடுத்தார்: ஜெர்மன் மொழியில் ‘கோனிக்’ என்றால் அரசன், ஆங்கிலத்தில் கிங். அப்படி வந்ததுதான் கிங் ஃபீச்சர்ஸ்.

வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் உங்கள் பேரேட்டில் உள்ள பல விஷயங்கள் புரியும். ஓவியர் ஒரு முறைதான் வரைவார். அதை நூற்றுக்கணக்கான நாளிதழ்கள் வாங்கும். ஒவ்வொரு நாளிதழும் தன் விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்ப வாரக் கட்டணம் கட்டும். சின்ன ஊர் நாளிதழுக்குச் சின்னத் தொகை. அதே ஊரில் போட்டி நாளிதழுக்கு அதே கதையைத் தருவதில்லை. வந்த பணத்தைச் சிண்டிகேட்டும் ஓவியரும் பொதுவாகச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். படத்தை அனுப்பிய விதமும் அழகானது: காகிதக்கூழ் அட்டையில் படத்தை அழுத்திப் பதித்து, அந்த அச்சைத் தபாலில் அனுப்புவார்கள். வாங்கிய அச்சகம் அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றி, தகடு எடுத்து அடிக்கும். எங்கு அச்சிட்டாலும் கட்டத்தின் ஓரத்தில் அதே பொடி எழுத்து இருப்பது இதனால்தான். அது நாளிதழ் சேர்த்தது அல்ல, படத்தோடு கூடவே வந்தது.

1930களில்தான் நிறுவனம் உச்சத்துக்கு வந்தது. 1919இலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு நகைச்சுவைக் கதையில் 1929 ஜனவரியில் ஒரு மாலுமி சும்மா துணைப் பாத்திரமாக வந்தான், கதையையே பிடித்துக்கொண்டான். அவன் பெயர் பாப்பாய். 1930இல் பிளாண்டி. 1934 ஒரே ஆண்டில் ஃப்ளாஷ் கார்டன், மாண்ட்ரேக். 1936 பிப்ரவரி 17இல் ஃபேண்டம். மாண்ட்ரேக்கையும் ஃபேண்டத்தையும் எழுதியவர் ஒருவரே, லீ ஃபால்க். 1999இல் இறக்கும்வரை இரண்டையும் விடாமல் எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மனிதர், இரண்டு கதைகள், நாள் தவறாமல்! இப்படி ஓர் உழைப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரிப் கிர்பி 1946இல் வந்தது.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிறுவனம் தெரியாமலேயே நெருங்கிய சொந்தம். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸில் வந்த மாண்ட்ரேக், ரிப் கிர்பி, சிஸ்கோ கிட் எல்லாரும் கிங் ஃபீச்சர்ஸ் வீட்டுப் பிள்ளைகள். ராணி காமிக்ஸின் முகமூடி மாயாவியும் ஃபேண்டம்தான்.

அடுத்து, உங்கள் முக்கியமான கேள்வி, வரிசை. அந்த எண் பெரும்பாலும் ‘3-14’ என்ற மாதிரி இருக்கும். அது அமெரிக்கத் தேதி: முதலில் மாதம், பிறகு நாள். 3-14 என்றால் மார்ச் 14. நம் பழக்கத்தில் படித்தால் 5-6ஐ ஜூன் 5 என்று வைத்துவிடுவோம். நானும் முதல் தொகுப்பை அப்படித்தான் அடுக்கினேன். இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. இன்னொன்று, அது அமெரிக்காவில் வெளியாக வேண்டிய தேதி. இங்கே சில வாரமோ, பல மாதமோ தள்ளி வந்திருக்கலாம். மாமா அதைப் படித்த நாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசைக்கு மட்டும் நம்புங்கள்.

அடுக்கும்போது தினசரிக் கதையையும் ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் முதலில் பிரித்துவிடுங்கள். ஃபேண்டத்தில் ஞாயிறு 1939இல் தொடங்கியது. திங்கள் முதல் சனி வரை ஒரு கதை ஓடும், ஞாயிற்றுக்கிழமை முற்றிலும் வேறு கதை. மாண்ட்ரேக்கும் அப்படியே. இரண்டையும் கலந்தால் எந்தக் காலத்திலும் கதை சேராது. மூன்று நான்கு கட்டம் ஒரே வரியில் இருந்தால் தினசரி. இரண்டு மூன்று வரிகளில் பெரிதாக இருந்தால் ஞாயிறு. ஞாயிறுப் பக்கத்தில் இடம் போதாத நாளிதழ்கள் வெட்டிவிடலாம் என்றே சில கட்டங்களை அமைத்திருப்பார்கள். அதனால் ஒரு கட்டம் குறைந்தால் மாமா தொலைத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஆண்டு. வட்டத்துக்குள் ‘சி’ போட்ட காப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில் ஆண்டு இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஓவியரைப் பாருங்கள். ஃபேண்டத்தை முதலில் வரைந்தவர் ரே மூர். நிழலும் கறுப்புமாக, பயமுறுத்தும் காடு. 1940களில் அவரிடமிருந்து வில்சன் மெக்காய் கைக்கு மாறியது. கோடுகள் எளிமையாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். மெக்காய் 1961இல் இறந்த பிறகு சை பேரி வந்தார். நம்மில் பலருக்கு ஃபேண்டம் என்றால் நினைவுக்கு வரும் முகம் அவர் வரைந்ததுதான். 1994 வரை வரைந்தார். மாண்ட்ரேக்கை 1964 வரை ஃபில் டேவிஸ், 1965இலிருந்து ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ். ரிப் கிர்பியை 1956இல் கார் விபத்தில் இறக்கும்வரை அலெக்ஸ் ரேமண்ட், பிறகு ஜான் பிரெண்டிஸ். கட்டத்தின் மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று ஒரு உருப்பெருக்கியை வைத்துத் தேடுங்கள்.

ஞாயிறுப் பக்கங்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. தேதி கட்டாயம் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் அல்லவா? ‘3-14’ போட்ட ஞாயிறு ஃபேண்டம் உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். 1950க்கும் 1970க்கும் இடையில் மார்ச் 14 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது இரண்டே முறை: 1954, 1965. வரைந்தவர் மெக்காய் என்றால் 1954, பேரி என்றால் 1965. இப்படிக் காலண்டரையும் ஓவியரின் கைவண்ணத்தையும் சேர்த்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பக்கங்கள் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

கடைசிக் கேள்வி, புத்தகம். இங்கேதான் அந்தப் பொடி எழுத்தின் மீதிப் பாதி வருகிறது: ‘உலக உரிமைகள் அனைத்தும் உடையது’ என்ற பொருளில் ஒரு வரி. பழைய கதை என்பதால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

இந்த உரிமைச் சண்டை நிறுவனத்துக்கும் மூத்தது. 1897இல் ‘காட்சன்ஜாமர் கிட்ஸ்’ என்ற இரட்டைக் குறும்பர்களை ஹர்ஸ்டின் நாளிதழுக்காக உருவாக்கினார் ருடால்ஃப் டர்க்ஸ். பின்னாளில் அவர் போட்டி நாளிதழுக்குப் போக, வழக்கு நீதிமன்றம் ஏறியது. தலைப்பு ஹர்ஸ்டுக்கு, பாத்திரங்களை வேறு தலைப்பில் வரையும் உரிமை டர்க்ஸுக்கு என்று தீர்ப்பு வந்தது. ஒரே பையன்கள் இரண்டு கதைகளில், இரண்டு ஓவியர்கள் கையில், பல பத்தாண்டுகள் ஓடினார்கள். அதன் பிறகு நிறுவனங்கள் எல்லா உரிமையையும் தங்கள் பேரிலேயே எழுதி வாங்கின. மில்டன் கேனிஃப் என்ற பெரும் கலைஞர் இன்னொரு சிண்டிகேட்டில் தான் உருவாக்கிய புகழ்பெற்ற கதை தனக்குச் சொந்தமில்லை என்பதற்காகவே 1946 கடைசியில் அதை விட்டு வெளியேறினார். 1947 ஜனவரியில் உரிமை முழுவதும் தன்னிடமே இருக்கும்படி ‘ஸ்டீவ் கேன்யன்’ என்ற புதுக்கதையைத் தொடங்கினார். அவருடைய இடத்தில் வேறு எத்தனை பேருக்கு அப்படித் துணிய வசதி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

அமெரிக்கச் சட்டப்படி அக்காலப் படைப்புகளுக்கு வெளியானதிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு. 1929இல் வந்த முதல் பாப்பாய் படங்கள் 2025 ஜனவரி 1இல்தான் அங்கே பொதுச்சொத்தாயின. 1936இன் முதல் ஃபேண்டம்கூட அந்தக் கணக்கில் 2031 முடியும்வரை காத்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை அதற்குப் பிந்தியவை. பெயர், முகமூடி, மண்டையோட்டு மோதிரம் போன்றவற்றுக்கு வணிகச்சின்ன உரிமை தனியாக வேறு உண்டு. இந்தியச் சட்டத்தில் பொதுவான கணக்கு, படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள்.

ஆகவே பேரேடு உங்களுடையது. அதிலுள்ள கதையை மொழிபெயர்த்து அச்சிடும் உரிமை உங்களுடையது அல்ல. வீட்டுக்குள் படிக்க, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நீங்கள் தமிழில் எழுதி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. விற்கவோ இணையத்தில் போடவோ நினைத்தால் எழுத்துமூலம் அனுமதி வேண்டும். நிறுவனம் இன்றும் ஹர்ஸ்ட் குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு மொழி வெளியீட்டு உரிமங்களைத் தொடர்ந்து கொடுத்துவருகிறார்கள். தனிமனிதராக எழுதிக் கேட்பதைவிட, காமிக்ஸ் வெளியிட்டுப் பழகிய ஒரு தமிழ்ப் பதிப்பகத்தோடு சேர்ந்து கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். ஒப்பந்தம் என்று வந்தால் காப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேட்கும்போது ‘பழைய ஃபேண்டம் கதைகள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். கதையின் பெயர், தினசரியா ஞாயிறா, முதல் கட்டத்தின் தேதி, கடைசிக் கட்டத்தின் தேதி, ஓவியர் பெயர், எத்தனை பிரதி அடிக்கப்போகிறீர்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். பேரேட்டிலிருந்து ஸ்கேன் செய்த படம் அச்சுக்கு உதவாது. அனுமதி கிடைத்தால் அவர்களிடமே நல்ல பிரதியையும் கேளுங்கள். மாமா ஒட்டிய ஒரு பக்கத்தின் படத்தையும் கடிதத்தோடு வையுங்கள்.