எர்பனை மொழிபெயர்க்க யாரிடம் உரிமை வாங்க வேண்டும்?

கேள்வி: செக் எழுத்தாளர் கரேல் யாரோமிர் எர்பனின் வாழ்க்கைக் குறிப்போடு அவரது கதைப்பாடல்களையும் தமிழில் நூலாக்க விரும்புகிறேன். எனக்குச் செக் தெரியாது. ஆங்கிலம் வழியாகத்தான் செய்கிறேன். வாரிசுகளிடம் உரிமை வாங்கித் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எர்பன் 1811இல் மிலெட்டீனில் பிறந்து, 1851 முதல் பிராக் நகர ஆவணக் காப்பாளராக இருந்து, 1870 நவம்பர் 21 அன்று இறந்தவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. செக் கணக்கில் 70. எப்படிக் கணக்கிட்டாலும் 1940க்கு மேல் போகாது. கொள்ளுப்பேரன் வந்து நின்றாலும் விற்பதற்கு அவரிடம் எதுவும் கிடையாது. ‘வாரிசு ஒப்புதல்’ என்று முத்திரை குத்திய தாளைக் காட்டிக் காசு பறிப்பவர்கள் புதிய மொழிபெயர்ப்பாளர்களையே தேடிப் பிடிக்கிறார்கள்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் ஆங்கிலத்தில்தான். 1853இல் வந்த ‘கிதித்ஸே’ என்ற எர்பனின் கதைப்பாடல் தொகுப்பு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்பு என்றால், அதன் சொற்கள் அந்த மொழிபெயர்ப்பாளருடையவை. அதிலிருந்து தமிழாக்குவதற்கு அவர் அனுமதி கட்டாயம். ‘மூலம் பொதுவுடைமை, ஆகவே எல்லாம் பொதுவுடைமை’ என்று நினைத்து அச்சடித்துவிட்டு, பிறகு பிரதிகளைத் திரும்பப் பெறும் நிலை வரக்கூடாது. முதலில் நூலின் உரிமைப் பக்கத்தைத் திருப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தப் பாடல்கள், தமிழ் மொழி, எந்த நாடுகளில் விற்பனை, எத்தனை பிரதிகள், அச்சா மின்னூலா, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற ஆறும் அதில் இருக்கட்டும். இடையில் யாராவது வந்தால், உரிமையாளர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். பதிப்பகத்திடம் சரிபார்க்கும்வரை ஒரு ரூபாயும் தராதீர்கள்.

பழைய மொழிபெயர்ப்பு என்றால் கவலையில்லை. எர்பன் 1865இல் தொகுத்த ஸ்லாவிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து 60 கதைகளை ஏ. எச். ரடிஸ்லாவ் 1889இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் 1892இல் இறந்துவிட்டார், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அவை உரைநடைக் கதைகள், ‘கிதித்ஸே’ பாடல்கள் அல்ல. இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

பாடல்களையே விரும்பினால், செக் தெரிந்த ஒருவரை உடன் வைத்து மூலத்திலிருந்து செய்யுங்கள். பிராக் மாநகர நூலகம் ‘கிதித்ஸே’யை இலவச மின்னூலாகத் தருகிறது. முதல் பதிப்பில் 12 பாடல்கள். 13ஆவதான ‘லிலியே’ 1861 பதிப்பில் சேர்ந்தது. எந்தப் பதிப்பைப் பின்பற்றினீர்கள் என்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். இன்றைய பதிப்புகளின் முன்னுரை, அடிக்குறிப்பு, ஓவியங்களைத் தொடாதீர்கள். ‘கிதித்ஸே’க்குப் படம் வரைந்த ஓவியர் யான் ஸ்ர்ஸவி 1977இல்தான் இறந்தார். அவர் படங்களுக்கு இன்னும் உரிமை உண்டு.

வாழ்க்கைக் குறிப்பில் ஆண்டு, ஊர், பதவி போன்ற தகவல்கள் எவருக்கும் உரியவை அல்ல. இன்னொருவர் எழுதிய வாக்கியங்கள் அவருக்கு உரியவை. நீங்களே புதிதாக எழுதுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால் கட்டாய உரிமம், அதாவது உரிமையாளர் சம்மதிக்காமலே சட்டவழியில் கிடைக்கும் அனுமதி, கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. முன்பு அதற்கிருந்த தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்து வணிக நீதிமன்றத்திடம் தள்ளிவிட்டார்கள். ஒரு சிறு கவிதைத் தொகுப்புக்காக நீதிமன்றம் ஏறு என்பது எந்த எளிய மொழிபெயர்ப்பாளருக்கும் கட்டுப்படியாகாது. அந்த வழியை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.