டீசல் பட்டறை: வாசகர் கேள்விகள்

பழைய லாரி எஞ்சின் பற்றி வந்த கடிதங்களுக்கு நாமக்கல் பட்டறை மெக்கானிக் ஒருவர் பதில் சொல்கிறார்.

காலையில் ஸ்டார்ட் ஆன லாரி கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. கைப்பம்பு அடித்தால் மறுபடி ஓடுகிறது. டீசல் எங்கேயும் ஒழுகவில்லை. எஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பெரிய பம்பை இறக்கிக் கட்ட வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

இறக்காதீங்க. கைப்பம்பு அடிச்சா ஓடுதுன்னு பதிலையும் நீங்களே எழுதிட்டீங்க. உள்ளே டீசலை அழுத்துற எலிமெண்ட் தேஞ்ச பம்புக்குக் கைப்பம்பு அடிச்சு என்ன ஆகப்போகுது? டேங்குக்கும், அதுல இருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்புக்கும் நடுவுல எங்கேயோ ஏர் இழுக்குது. அது டீசலை உறிஞ்சுற பக்கம். அங்கே ஓட்டை விழுந்தா, வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். அதனாலதான் லைன் முழுக்கக் காய்ஞ்சு சுத்தமா தெரியுது.

ஒரு கேன்ல நல்ல டீசல் ஊத்தி எஞ்சினுக்கு மேலே கட்டுங்க. டேங்கு லைனைக் கழட்டிட்டு, கேன்ல இருந்து ஒரு டியூபை நேரா ஃபீட் பம்புக்குக் கொடுங்க. லைன்ல இருக்கிற ஏரை வெளியேத்திட்டு அரை மணி நேரம் ஓட விடுங்க. நிக்காம ஓடினா பெரிய பம்பு மேல பழி இல்லை. அடுத்து, டேங்குல டீசல் பாதிக்குக் கீழே இறங்கினா மட்டும் நிக்குதான்னு பாருங்க. அப்படின்னா டேங்குக்குள்ளே இறங்குற குழாய் நடுவுல துருப்பிடிச்சு ஓட்டையாகியிருக்கும். டீசல் நிறைய இருக்கும்போது ஓட்டை முங்கிக் கிடக்கும், குறைஞ்சதும் காத்தைக் குடிக்கும். இதைக் கண்டுபிடிக்காம டீசலைப் பீச்சுற நாசில், ஃபில்டர், பம்புன்னு மாத்திக்கிட்டே போனவங்க நிறைய.

அடுத்தது லைன் ஜாயிண்ட்ல இருக்கிற செம்பு வாஷர். ஒரு தடவை நசுங்கினது இறுகிப்போகும், மறுபடி சரியா உக்காராது. சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா இளகும்தான், ஆனா புதுசே டீக்காசுக்குக் கிடைக்குது. இவ்வளவும் பார்த்த பிறகும் நின்னா ஃபீட் பம்பு வால்வைக் கழட்டுங்க. கேன் மேலே இருந்தா டீசல் தானா இறங்கும், அதனால ஃபீட் பம்பு உறிஞ்சுற பலம் குறைஞ்சிருந்தா அந்தச் சோதனையில தெரியாது.

என் வண்டியில் எஞ்சின் ஆயில் குறைவதே இல்லை, கொஞ்சம் ஏறியது போலவும் இருக்கிறது. போர் (பிஸ்டன் ஓடும் துளை) நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், சங்ககிரி

சாமி வரம் கொடுத்து ஆயில் ஏறாதுங்க. குச்சியில இருந்து ஒரு சொட்டை நியூஸ் பேப்பர்ல விடுங்க. கருப்புப் பொட்டைச் சுத்தி வெளிறின வட்டம் அகலமா பரவினா டீசல் கலக்குது. மோந்து பார்த்தாலும் தெரியும். பால் ஊத்தின காபி மாதிரி இருந்தா தண்ணி. டீசல்னா, ஃபீட் பம்பு ராடு தேஞ்சு பெரிய பம்புக்குள்ளே கசியலாம். அந்தப் பம்பு எஞ்சின் ஆயில்லயே ஓடுற வகையா இருந்தா, கசிஞ்ச டீசல் நேரா எஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்குற சம்புக்கு வந்துடும். இல்லைன்னா ஏதோ ஒரு நாசில் சொட்டுது. காரணம் தெரியுற வரைக்கும் லோடு ஏத்தாதீங்க. நீர்த்துப்போன ஆயில் முதல்ல பேரிங்கைத்தான் தின்னும்.

சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஹீட் ஏறுகிறது. சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது இன்னும் அதிகமாகிறது. ஏன்?
– வாசகர், ஓமலூர்

இந்தப் பழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பிச்சு வெச்சாரோ தெரியலை. பல எஞ்சின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அதைக் கழட்டிட்டா சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம எஞ்சினையே சுத்தி வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். சமதரையில ஓடும்போதோ எஞ்சின் சூடே ஆகாம, எரியாத டீசல், பிஸ்டன் ஓடுற லைனர் குழாய்ச் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும், போர் சீக்கிரம் தேயும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்க. ரேடியேட்டருக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க, வைக்கோல், பூச்சி, சேறு எல்லாம் அப்பியிருக்கும். எஞ்சின் பக்கத்துல இருந்து தண்ணி அடிச்சா வந்த வழியே வெளியே போகும். ஃபேன் பெல்ட்டும் பாருங்க. இத்தனைக்குப் பிறகும் சூடானா, எஞ்சின் ஆறி இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. தண்ணியில முட்டை முட்டையா விடாம வந்தா, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கு.

அதே ரோட்டுல திரும்பி வரும்போது டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விடாதீங்க. அந்த இறக்கத்துல எத்தனை லாரி கவிழ்ந்ததுன்னு ஓமலூர்க்காரர் உங்களுக்கு நான் சொல்லணுமா?

டாடா கம்மின்ஸ் 6பிடி எஞ்சினில் பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் புகை) அதிகம். லைனர் செட் வாங்கி மாட்டினால் போதுமா?
– வாசகர், கரூர்

அந்த 5.9 லிட்டர் எஞ்சின்ல கம்பெனி லைனரே கிடையாது. பிளாக்கைக் கடைஞ்ச போர்லயே, 102 மில்லிமீட்டர்ல, பிஸ்டன் ஓடுது. முதல் தடவைன்னா லேத்துல அரை மில்லிமீட்டர் பெருசாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அடுத்த தடவை ஒரு மில்லிமீட்டர். அதுக்கு மேலே போனாத்தான் லைனர் மாதிரி ஸ்லீவ் குழாய் அடிக்கணும். ஆனா முதல்ல, எஞ்சினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளுற டர்போவை ஒதுக்கிப் பாருங்க. டர்போ சீல் போயிருந்தாலும், எஞ்சின் உள்காத்து வெளியேறுற பிரீதர்ல புகை தள்ளும். டர்போவில இருந்து சம்புக்கு இறங்குற ஆயில் பைப்பைக் கழட்டி, சம்பு பக்க ஓட்டையை அடைச்சுடுங்க. பைப்போட நுனியை ஒரு டப்பாவுக்குள்ளே விட்டு, ஐடிலிங்ல ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டுங்க. பிரீதர் புகை அப்படியே குறைஞ்சா செலவு டர்போவோட நிக்கும். குறையலைன்னா லேத்துக்காரரைப் பாருங்க, அளவு எடுக்காம பிஸ்டன் வாங்காதீங்க.