ரயில்வே கை விளக்கை வீட்டில் மாட்டினால் வழக்கு வருமா?

கேள்வி: திருச்சியில் ஒரு காயலான் கடையில் பழைய ரயில்வே கை விளக்கு ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். மண்ணெண்ணெய்த் தொட்டியை எடுத்துவிட்டு, எல்இடி பல்பு பொருத்தி ஹாலில் தொங்கவிட்டிருக்கிறேன். மூடியில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று பொறித்திருக்கிறது. கடையில் பில் தரவில்லை. “ரயில்வே சொத்து, ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) வந்தால் மாட்டிக்கொள்வாய்” என்று நண்பர் பயமுறுத்துகிறார். எழுத்தைத் தேய்த்து அழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். எஸ்.ஐ.ஆர். என்பது பழைய தென்னிந்திய ரயில்வே. 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவானபோது அதில் இணைந்துவிட்டது. எப்போதோ கழித்துவிட்ட பொருள் என்று நீங்கள் சொல்வதற்கு அந்த எழுத்து துணை நிற்கும். சாணை பிடித்த தழும்போடு விளக்கு கிடைத்தால், எதை மறைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

நண்பரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், பிரிவு 3-ன்படி, திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே சொத்து உங்களிடம் இருந்தால், அது முறையாக வந்ததென்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஆனால் கழித்த பொருள்களை ரயில்வேயே ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவருக்கு அவை சொந்தமாகிவிடும். அவரிடமிருந்து வாங்கினால் பயமில்லை.

அதனால் உடனே கடைக்குப் போய் பில் கேளுங்கள். ‘பழைய விளக்கு’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. பொறித்திருக்கும் எழுத்து, வாங்கிய தேதி, தொகை, கடை முகவரி எல்லாம் இருக்கட்டும். ஏல ஆவணத்தின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். கடைக்காரர் நழுவுகிறார் என்றால் விளக்கை வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இந்த மாதிரி எழுத்து பொறித்துப் புதிதாகச் செய்து விற்பதும் உண்டு. அப்படியானால் ரயில்வே சொத்துச் சட்டம் உங்களைத் தொடாது. பழையது என்று பொய் சொல்லி விற்றதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

ஆர்பிஎஃப் விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது போலீசுக்குப் பொருந்தும்; ஆனால் ரயில்வே சொத்துச் சட்டப்படி விசாரிக்கும் ஆர்பிஎஃப் அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. அங்கே நீங்கள் எழுதிக் கொடுப்பது உங்களுக்கு எதிராகவே சாட்சியாகலாம். ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.