முழுக் கணக்கு மறுக்கப்பட்டால்: பிரித்தானிய வங்கிகள் பற்றிய கேள்வி பதில்

சிறிய கடன் சிக்கலொன்றினால் வங்கிகள் முழு நடைமுறைக் கணக்கு (கரண்ட் அக்கவுண்ட்) திறக்க மறுத்ததாகப் பிரித்தானியாவில் வாழும் பலர் கேட்டிருந்தீர்கள். கடன் ஆலோசனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் என்னால் இயன்றவற்றுக்குப் பதில் தருகிறேன்.

கேள்வி (ஹறோ): ஐயா, எனக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறது. 4 ஆண்டுகளுக்கு முன்பு வீடு மாறியபோது கட்டாமல் விடுபட்ட 62 பவுண் கைத்தொலைபேசிப் பில்லைத் தவிர வேறு கடன் இல்லை. ஒரே மாதத்தில் மூன்று வங்கிகள் மறுத்துவிட்டன. இந்த 62 பவுணுக்காகவா?

பதில்: பெரும்பாலும் அதற்காகத்தான், ஆனால் தொகை சிறியது என்பது அங்கே அதிகம் எடுபடாது. முழு நடைமுறைக் கணக்குடன் பெரும்பாலும் மேலதிகப்பற்று (இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் ஓவர்டிராஃப்ட்) வசதியும் வருவதால், வங்கி உங்கள் விண்ணப்பத்தை ஏறக்குறைய ஒரு கடன் விண்ணப்பமாகவே பார்க்கிறது. எல்லா வங்கிக்கும் பொதுவான கடன் மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறது.

முதலில் விண்ணப்பிப்பதை நிறுத்துங்கள். கடன் விண்ணப்பத்துக்காக வங்கி உங்கள் கடன் வரலாற்றைப் பார்க்கும் முழுத் தேடல் ஒவ்வொன்றும் உங்கள் கடன் பதிவில் குறைந்தது ஓராண்டு நிற்கும். அடுத்தடுத்து அப்படிப் பல இருந்தால், பணத் தட்டுப்பாட்டில் இருப்பவர் என்ற எண்ணத்தை அடுத்த வங்கிக்குத் தரும். எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவைப் பார்த்து மறுத்தார்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டியது வங்கியின் கடமை. எக்ஸ்பீரியன், ஈகுவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்றிடமும் உங்கள் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். முன்பு 2 பவுண் கட்டணம் இருந்தது. 2018இல் அது நீங்கிவிட்டது. மூன்றிலும் ஒரே தகவல் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

எக்ஸ்பீரியன் அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் எண் இருக்கும்: 0 என்றால் ஒழுங்காகக் கட்டியது, 1 என்றால் ஒரு மாதத் தவணை பிந்தியது, 8 என்றால் டிஃபோல்ட், அதாவது கடனைக் கட்டத் தவறியதாக முடிவுசெய்து பதிந்தது. அந்த டிஃபோல்ட் பதிவான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அந்தத் தேதியிலிருந்து 6 ஆண்டுகள் முடிந்ததும் பதிவு நீங்கிவிடும். கட்டினால் ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு சேரும், அதற்கு மதிப்பு உண்டு. பழைய பில்லை வசூல் நிறுவனம் ஒன்று வாங்கிப் புதிய தேதியில் மீண்டும் பதிந்திருந்தால் அது தவறு. எழுத்தில் முறையிட்டு மாற்றச் சொல்லுங்கள். வீடு மாறியதால் பில்லும் எச்சரிக்கைக் கடிதமும் பழைய முகவரிக்குப் போயிருந்தால், அந்த விளக்கத்தை 200 சொற்களுக்குள் எழுதி உங்கள் பதிவோடு இணைக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): அதுவரை சம்பளத்தை எங்கே போடுவது? அடிப்படைக் கணக்குத் தங்களிடம் இல்லை என்று கிளையில் சொல்கிறார்கள்.

பதில்: 2015ஆம் ஆண்டின் பணம்செலுத்தல் கணக்கு விதிகளின்படி, நியமிக்கப்பட்ட பெரிய வங்கிகள் கட்டணமில்லாத அடிப்படைக் கணக்கை வழங்கியே ஆக வேண்டும். பார்க்லேஸ், எச்எஸ்பிசி, லாயிட்ஸ், நாட்வெஸ்ட், சான்டாண்டர், நேஷன்வைட் எல்லாம் அதில் அடங்கும். இது வங்கி காட்டும் சலுகையன்று. சட்டப்படி இங்கு வசிப்பவராகவும், முழுக் கணக்குக்குத் தகுதியற்றவராகவும் இருந்தால், கடன் பதிவு மோசமாக உள்ளது என்பதை மட்டும் காரணம் காட்டி அவர்கள் மறுக்க முடியாது. டெபிட் அட்டையும் டைரக்ட் டெபிட்டும் (பில் தொகை கணக்கிலிருந்து தானாகவே கழியும் வசதி) கிடைக்கும். மேலதிகப்பற்றும் காசோலைப் புத்தகமும் கிடைக்கா. பணம் போதாமல் டைரக்ட் டெபிட் திரும்பினாலும் வங்கி தண்டக் கட்டணம் எடுக்காது என்பதால், சிலருக்கு முழுக் கணக்கை விட இதுவே நல்லது என்பேன். ஊழியர் தட்டிக்கழித்தால் முறைப்பாடு எழுதுங்கள். 8 வாரத்தில் தீராவிட்டால், அல்லது இறுதிப் பதில் திருப்தியளிக்காவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்பூட்ஸ்மன் சேவைக்குச் செல்லலாம். இறுதிப் பதில் வந்திருந்தால் 6 மாதத்துக்குள் செல்ல வேண்டும்.

கேள்வி: அண்ணா, மேலதிகப்பற்றில் கடன் உள்ள அதே வங்கியில் அடிப்படைக் கணக்கும் திறக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கணக்கில் விழும் பணத்தைத் தனக்கு வரவேண்டிய கடனுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. அந்தக் குழுமத்தோடு தொடர்பில்லாத வங்கியைத் தேர்ந்தெடுங்கள். பெயர் வேறாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம்: ஹலிஃபாக்ஸும் லாயிட்ஸும் ஒரே குழுமம்.

கேள்வி (டூட்டிங்): நான் இலங்கைக் குடியுரிமையோடு விசாவில் இருக்கிறேன். கடனே எடுத்ததில்லை, ஆனாலும் மறுப்பு. வாக்காளர் பட்டியலில் பதியச் சொல்கிறார்கள். எனக்கு எப்படி வாக்குரிமை இருக்கும்?

பதில்: இருக்கிறது. இலங்கை, இந்தியா இரண்டும் பொதுநலவாய நாடுகள் என்பதால், செல்லுபடியாகும் விசாவோடு இங்கு வசிக்கும் வயது வந்த அந்நாட்டவர்கள் பதிந்துகொள்ளலாம். மாணவர்களுக்கும் இது பொருந்தும். நம்மவர்கள் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள். கடன் வரலாறே இல்லாதவரின் பெயரையும் முகவரியையும் உறுதிசெய்ய வங்கி பார்க்கும் முதல் இடங்களில் அந்தப் பட்டியலும் ஒன்று. வாக்காளர் பதிவு, அடையாள அட்டை, வங்கி விண்ணப்பம் ஆகிய மூன்றிலும் பெயரை ஒரே விதமாக எழுதுங்கள். தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வந்தால் கணினி இருவராக எண்ணிக்கொள்ளும்.

கேள்வி: பிரிந்துபோன கணவரின் கடன் என்னைப் பாதிக்குமா?

பதில்: திருமணம் செய்ததால் மட்டும் பாதிக்காது, ஒரே வீட்டில் வாழ்ந்ததாலும் பாதிக்காது. கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ இருந்தால்தான் இருவரின் பதிவும் இணையும். அதை மூடிய பின், மூன்று கடன் தகவல் நிறுவனங்களிடமும் தொடர்பை நீக்குமாறு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: நண்பனின் பணம் என் கணக்கின் வழியாக ஒருமுறை போய்வந்தது. இப்போது என் கணக்கை மூடிவிட்டார்கள். அடிப்படைக் கணக்கும் எங்கும் கிடைக்கவில்லை. கிரெடிட் அறிக்கையோ சுத்தமாக இருக்கிறது.

பதில்: தம்பி, இது கடன் சிக்கலாகத் தெரியவில்லை. சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பின் தரவுத்தளத்தில் உங்கள் பெயர் இருக்கக்கூடும். கணக்கைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் பதிந்தால் அது 6 ஆண்டுகள் வரை நிற்கும். மோசடிச் சந்தேகம் இருந்தால் அடிப்படைக் கணக்கையும் மறுக்கலாம். சிஃபாஸிடம் உங்கள் தகவலை இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் அறியாமல் சிக்கியிருந்தால், நண்பனோடு நடந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்து, முதலில் பதிந்த வங்கியிடமும் பின்னர் ஒம்பூட்ஸ்மனிடமும் முறையிடுங்கள். ஒருவர் அறிந்தே மோசடிக்கு உடந்தையாக இருந்தார் என்பதற்கு வெறும் சந்தேகம் போதாது, வங்கியிடம் சான்று இருக்க வேண்டும்.

கேள்வி: 300 பவுண் தந்தால் மோசமான கடன் பதிவை அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது, பொய்யான பதிவைத் திருத்தக் காசு தேவையில்லை. நீதிமன்றத் தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்திருந்தால் மட்டும் அவசரம் உண்டு: ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டினால் அது பதிவேட்டிலிருந்தே நீக்கப்படும், தவறினால் 6 ஆண்டுகள். அந்த 300 பவுணை அங்கே கட்டுங்கள்.