மதீனா பள்ளிவாசல்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

உம்ராவுக்கு (மக்காவுக்குச் செல்லும் சிறு புனிதப் பயணம்) கிளம்புகிறவர்கள் சிலரும், சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று நினைத்த ஓரிருவரும் மதீனாவில் உள்ள நபியின் பள்ளிவாசல், மஸ்ஜிதுந் நபவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று தடவை போய் வந்தவன், கொஞ்சம் படித்தவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்பவர்கள் ஊர் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞர்) போங்கள்.

கேள்வி: மதீனா போகாமல் வந்துவிட்டால் ஹஜ் கூடாது (செல்லாது) என்கிறார்களே?

கூடும். ஹஜ்ஜின் கடமைகள் எல்லாம் மக்கா, மினா, அரஃபா, முஸ்தலிஃபாவோடு முடிந்துவிடுகின்றன, மதீனா அதில் ஒரு பகுதியே இல்லை. ஆனால் நன்மை நாடிப் பயணம் கட்டிப் போகலாம் என்று நபி (ஸல்) சொன்ன பள்ளிகளே மூன்றுதான்: மக்காவில் கஃபாவைச் சுற்றியுள்ள ஹரம், மதீனாவில் அவர்களுடைய பள்ளி, ஜெருசலத்தின் அக்ஸா. மதீனா பள்ளியில் ஒரு தொழுகை, ஹரம் தவிர்த்த மற்ற பள்ளிகளில் தொழும் ஆயிரத்தை விடச் சிறந்தது என்பதும் புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ள ஹதீஸ் (நபிமொழி). அவ்வளவு தூரம் போய்விட்டு யார்தான் விட்டுவிட்டு வருவார்கள்?

கேள்வி: நான் முஸ்லிம் இல்லை. மக்காவில் கஃபா இருக்கிறது, புரிகிறது. மதீனா பள்ளியில் அப்படி என்ன விசேஷம்?

நல்ல கேள்வி. 622இல் மக்காவை விட்டு வந்த நபி, அங்கே முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று இந்தப் பள்ளி. இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைப் பிள்ளைகளுடையது, பேரீச்சம்பழம் காயப்போடும் களம். அவர்கள் இலவசமாகத் தருகிறோம் என்றும் கேட்காமல் நபி விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். மண் செங்கல் சுவர், பேரீச்ச மரத்தைத் தூணாக நட்டு மேலே ஓலை, அதுதான் பள்ளி. ரமளானில் ஓர் இரவு மழை பெய்து கூரை ஒழுகி, ஸஜ்தா (நெற்றி தரையில் படப் பணிதல்) செய்து எழுந்த நபியின் நெற்றியில் சேறு ஒட்டியிருந்ததைப் பார்த்தவர் சொன்னது அப்படியே ஹதீஸாகப் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்துக் கீற்றுக்கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதேதான்.

தொழுகை மட்டும் நடந்த இடமும் இல்லை. வழக்கு தீர்த்தது, வெளியூர்த் தூதர்களைச் சந்தித்தது எல்லாம் அங்கேயே. வீடுவாசல் இல்லாத ஏழைத் தோழர்கள் பின்பக்கம் ஓலை நிழலில் தங்கிப் படித்தார்கள், திண்ணைத் தோழர்கள் என்போமே, அவர்கள்தான். முதல் 16, 17 மாதங்கள் ஜெருசலத்தை நோக்கித் தொழுதார்கள், பிறகு கிப்லா (தொழும் திசை) கஃபா பக்கம் மாறியது. பள்ளியை ஒட்டியிருந்த, நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில்தான் நபி அடக்கமானார்கள். அவர்களுக்குப் பின் தலைமை ஏற்ற அபூபக்கர், உமர் (ரலி) இருவரும் அதே அறையில்தான்.

கேள்வி: பச்சைக் குப்பா (குவிமாடம்) நபி காலத்ததா?

இல்லை. அந்த அறைக்கு மேல் குவிமாடம் வந்ததே 1279இல், மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில். 1481 தீ விபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டினார்கள். பச்சை பூசியது 1837இல், உஸ்மானியர்கள். நம் வீட்டுக் காலண்டர்களில் எல்லாம் இருக்கும் அந்தப் பச்சைக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை!

கேள்வி: காக்கா (அண்ணா), மதீனா பள்ளியில் 40 வக்து (வேளை) விடாமல் தொழ வேண்டுமாமே? வாப்பாவுக்கு (அப்பாவுக்கு) மூட்டு வலி, பயமாக இருக்கிறது.

தங்கச்சி, வாப்பாவைப் படுத்தாதீர்கள். 40 வக்து பற்றிய அறிவிப்பு முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, ஆனால் அதன் தரத்தில் ஹதீஸ் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, ஹதீஸ் அறிஞர் அல்பானி பலவீனமானது என்கிறார். எட்டு நாள், நாளுக்கு ஐந்து என்று கணக்குப் போட்டுத்தான் பல பயண ஏற்பாட்டாளர்கள் மதீனாவில் எட்டு நாள் தங்கவைக்கிறார்கள். முடிந்தால் தொழுங்கள், முடியாவிட்டால் உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ ஒரு குறையும் இல்லை. போன தடவை எங்கள் குழுவில் ஒரு பெரியவர் காய்ச்சலோடு 37ஆவது வக்துக்கு நடந்து வழியில் சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ரவ்ழாவில் பெண்கள் தொழ முடியுமா?

முடியும், தனி நேரம் உண்டு. "என் வீட்டுக்கும் என் மிம்பருக்கும் (பிரசங்க மேடை) இடையில் உள்ளது சுவனத்துப் பூங்காக்களில் ஒன்று" என்றார்கள் நபி, அந்த இடம்தான் ரவ்ழா. சுமார் 22 மீட்டருக்கு 15 மீட்டர், அவ்வளவே, அதனால் நெரிசல். சவூதி அரசின் நுசுக் செயலியில் முன்பதிவு செய்யாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசா கையில் வந்ததுமே பார்க்கத் தொடங்குங்கள், இடம் சட்டென்று தீர்ந்துவிடும். உள்ளே போனால் இரண்டு ரக்அத் தொழுகை, துஆ (பிரார்த்தனை), அப்புறம் அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.

கேள்வி: பள்ளி முற்றத்தில் விரியும் பெரிய குடைகள்?

250 குடைகள். பகலில் விரியும், மாலையில் மடங்கும். விரியும்போது கைப்பேசியைத் தூக்காதவரை நான் பார்த்ததில்லை, நானும் தூக்கியவன்தான்.

கேள்வி: மதீனாவிலிருந்து மக்கா போகிறோம். இஹ்ராம் (புனிதப் பயண நிலைக்குள் நுழைவது) எங்கே?

இஹ்ராமுக்கான எல்லை துல்ஹுலைஃபா, இப்போது பீர் அலி என்பார்கள், ஊரை விட்டுக் கிளம்பியதும் வந்துவிடும். பேருந்து அங்கே நிற்கும். ஆனால் அதிவேக ரயிலில் போகிறவர்கள் அறையிலேயே குளித்து இஹ்ராம் துணி கட்டிக்கொண்டு, ரயில் அந்த எல்லையைத் தாண்டுவதற்குள் நிய்யத் (மனதில் உறுதி) வைத்துவிடுங்கள். ரயில் பீர் அலியில் நிற்காது.